அடையாளத்துக்கு நட்ட கதியால்

சிவமயம்

ஐந்தாம் வாய்க்கால்,
ஸ்கந்தபுரம், கிளிநொச்சி.
1963 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.

இன்று எனக்கு வயது அறுபத்தெட்டு ஆண்டு, இரண்டு மாதம், பதினொரு நாள். இதை முதலில் குறிப்பதற்குக் காரணம் உண்டு. "எழுபது தாண்டிய வயதில் இதெல்லாம் தேவையா, அக்கா?" என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தாய். கழித்தல் கணக்கில் நீ சிறுவயதிலிருந்தே பலவீனன். அப்படிப்பட்ட உன்னைக் காணிக் கந்தோரில் பிரதம லிகிதராக வைத்திருக்கும் அரசாங்கத்தை நினைத்து நான் கவலைப்படுவதை நிறுத்தி வெகுகாலமாயிற்று.

அன்புள்ள தம்பி மயில்வாகனத்துக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் உன் மனைவி மக்களும் சுகமாக இருக்கவேண்டும் என்று இவ்விடத்தில் இறைவனை வேண்டிக்கொள்வது முறை. இம்முறை அதற்கு அவகாசம் இல்லாதபடியால், சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

உன் கடிதத்தில் மூன்று விடயங்கள் இருந்தன. முதலாவது, அண்மைக்காலமாக என் கையெழுத்து இளமை பெற்று முத்துமுத்தாக மாறிவிட்டது என்ற புகழ்ச்சி. அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இரண்டாவது, வெள்ளவத்தையில் உன் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்து, மின்விசிறியும் பூட்டி, எனக்காகத் தயாராக வைத்திருப்பதாகச் சொன்னது. மிக்க நன்றி. அந்த அறைக்குள் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொள். விசிறி அவற்றுக்கு உதவும். மூன்றாவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "உம்முடைய தமக்கையார் இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு குடியேற்றவாசிகளின் எல்லைகளைக் குழப்புகிறா" என்று எங்கள் கிராமச்சபை உறுப்பினர் ஐயாத்துரை உன் கந்தோருக்கு முறைப்பாடு அனுப்பியிருப்பதாகவும், நான் பேசாமல் வீட்டில் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்றும் எழுதியிருந்தாய். தம்பி, எல்லையைக் குழப்பியவர் யார், குழம்பியது யாருடைய எல்லை, யாருடைய குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே இன்று ஊர் நடக்கிறது என்பதை முழுமையாகச் சொல்கிறேன். சாய்மனைக் கதிரையில் கிடந்து வாசியாதே. நிமிர்ந்து இருந்து வாசி.

சென்ற சித்திரையில் ஒரு பிற்பகல், எண்ணெய் காணாத சைக்கிள் சங்கிலிகளின் ஓசையோடு ஒரு கூட்டம் என் படலையைத் திறந்துகொண்டு வந்தது. தலைமை தாங்கியவன் இளையதம்பி. இருபது வயது, தகப்பனோடு வயல் செய்கிறான், மெதுவாகப் பேசினால் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று நம்புகிறவன். ஐந்தாம் வாய்க்கால் இளைஞர் முன்னேற்றச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்களாம். ஒன்பது பேர், ஒன்பது பதவிகள். வெறும் அங்கத்தவராக இருப்பதற்கு அந்தச் சங்கத்தில் ஒருவரும் அகப்படவில்லை. சங்கம் என்றால் போஷகர் ஒருவர் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டில் எழுதாத சட்டம் ஆகையால், என்னைப் பிடிக்க வந்திருந்தார்கள்.

"ரீச்சர், நீங்கள்தான் எங்களுக்குப் போஷகரா இருக்கவேணும்."

"போஷகர் என்ன செய்யவேணும்?"

"ஒண்டும் செய்யத் தேவையில்லை ரீச்சர். கடிதத் தலைப்பிலை உங்கடை பேரும் பட்டமும் இருந்தால் காணும்."

"ஒண்டும் செய்யாமல் பேர் மட்டும் இருக்கிறதுக்கு நான் இன்னும் செத்துப் போகேல்லை," என்றேன்.

எழுந்து போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. சங்கத்தின் செயலாளர் வாய் திறந்தாள். இராசமலர் என்று பெயர், மேற்கு முனையில் இருக்கும் சின்னராசாவின் மகள், பதினேழு வயது, மூக்கை உறிஞ்சாமல் ஒரு வசனத்தை முடிக்கத் தெரியாதவள். "அப்ப வேலை செய்யிற போஷகரா இருங்கோ ரீச்சர். எங்களுக்கு ஒரு ஒழுங்கை வேணும்," என்று சொல்லி, முற்றுப்புள்ளி வைக்கவேண்டிய இடத்தில் உறிஞ்சினாள். வழக்கமாக இந்த வயதினர் விளையாட்டு மைதானம் கேட்பார்கள். வாசிகசாலை கேட்டு அதில் கரம் பலகை வைப்பார்கள். நடந்து போவதற்கு ஒழுங்கை கேட்ட இளைஞரை நான் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். என் அழிவு அந்த வியப்பில் தொடங்கியது.

இவ்விடத்துக் காணிகளின் அமைப்பை நீ கந்தோர்ப் படத்தில் பார்த்திருப்பாய், நிலத்தில் பார்த்ததில்லை. வடக்கே மூன்று காணி, தெற்கே மூன்று காணி, முதுகோடு முதுகு முட்ட இருக்கின்றன. வடக்கு வரிசையில் மேற்கு முனை சின்னராசாவுடையது, நடுக்காணி என்னுடையது. எனக்கு நேர் பின்னால், தெற்கு வரிசையில், ஐயாத்துரை. கிழக்கு முனையில் பெரிய ரோட்டும், யஹ்யாவின் கடையும், கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ் நிற்கும் இடமும் இருக்கின்றன. இந்தச் சிறிய தூரத்தைக் கடப்பதற்கு வழி கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக்கும் அரைப் பரப்புக்கும் வழக்குப் பேசிய எங்கள் சனம், இங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் காடு கிடக்கக் கண்டதும் செய்த முதல் வேலை அடைப்பதுதான். யானை வரும் பக்கத்தில் இரண்டு முட்கொப்பு. அடுத்த வீட்டுக்காரன் இருக்கும் பக்கத்தில் கோழிக்குஞ்சும் நுழையாத வேலி. ஆகவே எல்லாரும் வாய்க்கால் கரையைச் சுற்றித்தான் ரோட்டுக்குப் போகிறார்கள். கார்த்திகையில் குளம் நிரம்பி வழிந்து வான் பாயத் தொடங்கினால் அந்தக் கரையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். தைமாதம் வரை பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. தை பிறந்த பின்னரும் பலர் போவதில்லை. இரண்டு மாதம் வீட்டில் நின்ற பெண்ணுக்குக் குசினியில் வேலை கண்டுபிடிப்பதில் எங்கள் தாய்மார் வல்லவர்கள். இராசமலருக்கு மார்கழியில் ஜீ.சீ.ஈ. பரீட்சை. சென்ற ஆண்டும் மார்கழியில் பரீட்சை இருந்தது. சென்ற ஆண்டும் குளம் வான் பாய்ந்தது. அவள் வீட்டில் இருந்து மழையைப் பார்த்தாள். இந்த ஆண்டும் போகாவிட்டால் துணுக்காயில் மாப்பிள்ளை தயாராக இருக்கிறான். அவனிடம் இரண்டு சோடி எருதுகள் இருப்பதாகத் தகப்பன் சொல்கிறார். மாப்பிள்ளையைப் பற்றி வேறு தகவல் இல்லை.

போஷகர் பதவியை ஏற்றேன். ஏற்கும்போதே தெளிவாகச் சொன்னேன்: பெரியவர்களின் காது பெரியவர்களுக்குத்தான் திறக்கும், அங்கே நான் பேசுவேன், ஓடவும் வெட்டவும் வேண்டிய இடத்தில் நீங்கள், தீர்மானம் உங்களுடையது, ஏனென்றால் அந்த ஒழுங்கையில் அதிக காலம் நடக்கப்போகிறவர்கள் நீங்கள். சங்கத்தின் யாப்பையும் நானே சொல்லச்சொல்ல எழுதுவித்தேன். போஷகர் ஆலோசனை கூறலாம், வாக்களிக்கலாகாது என்ற வரியையும் நானே சேர்த்தேன். உலகத்தில் தன் கழுத்துக்குத் தானே அளவெடுத்துக் கயிறு திரித்த பட்டதாரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதற்கூட்டத்துக்கு இளையதம்பி யஹ்யாவின் கடைச் சுவரில் அறிவித்தல் ஒட்டினான். காணிக்காரர் ஆறு பேரில் வந்தவர் நான் ஒருத்தி. அதுவும் கூட்டம் என் விறாந்தையில் நடந்தபடியால். பிறகு விசாரித்தால், "அது ஊருக்குச் சொன்னது. எனக்கு ஆர் வந்து சொன்னது?" என்று ஐவரும் ஒரே வசனத்தைச் சொன்னார்களாம். வீடு வீடாகப் போய், வெற்றிலைத் தட்டம் நீட்டி, "ஐயா கட்டாயம் வரவேணும்" என்று சொன்ன பிறகுதான் வந்தார்கள். வந்தபோது, அறிவித்தலை முன்னமே வாசித்துவிட்டதால் விடயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லை வேலியின் இருபக்கமும் ஆளுக்குச் சம அளவு நிலம் விட்டுக் கொடுத்தால் நடுவே ஒரு வண்டி போகும் ஒழுங்கை கிடைக்கும் என்றேன். தமக்குச் சம்மதம், ஆனால் ஒழுங்கைக்குத் தம் தகப்பனார் பெயரை வைக்கவேண்டும் என்றார் ஐயாத்துரை. மற்றவர்களும் தங்களுக்கும் தகப்பன் இருந்ததை அப்பொழுதே நினைவுகூர்ந்தார்கள். கடைசியில், பெயர் இல்லை, ஆனால் நாடா வெட்டுவது ஐயாத்துரை, படம் எடுக்கும்போது நடுக்கதிரையும் அவருக்கு என்று முடிந்தது. யஹ்யாவுக்கு அங்கே காணி இல்லை. இருந்தும் நெல்மூட்டை கட்டும் கயிற்றை இலவசமாகத் தந்தார். "பொய் சொல்ல மாட்டன் ரீச்சர். ஒழுங்கை வந்தா என்ட கடைக்குச் சனம் வரும். அதுக்குத்தான் தாறன்," என்றார். அன்று முழுவதும் நான் கேட்ட ஒரே நேர்மையான பேச்சு அது.

சின்னராசா கடைசி வரை இருமிக்கொண்டே இருந்தார். பிறகு, "நிலம் தாறன். ஆனால் குமர்ப்பிள்ளையைத் தனிய ஒழுங்கையாலை அனுப்ப மாட்டன். ரீச்சர் ரோட்டு மட்டும் கூடப் போனால் விடுறன்," என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, முப்பத்தைந்து ஆண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிமேய்த்து இளைப்பாறியவள் ஒருத்தியை, பஸ் வரும்வரை மகளுக்குக் காவலாக நிற்கச் சொல்கிறார். "நான் போஷகர், படலைக் காவல்காரி இல்லை," என்றேன். "அப்ப யோசிப்பம்," என்றார் அவர். சின்னராசா யோசிப்பது என்றால் இருமுவது.

ஐப்பசி நடுவில் அளந்தார்கள். கயிற்றில் மூன்று, நாலு, ஐந்து என்று முடிச்சிட்டுச் செங்கோணம் எடுப்பது எப்படி என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். ஆறு காணியின் நடுவே நூல் பிடித்ததுபோல நேர்கோடு விழுந்தது என்று இளையதம்பி வந்து சொன்னபோது, ஒப்புக்கொள்கிறேன், மகிழ்ந்தேன். கோட்டின் இருபக்கமும் அடையாளத்துக்குத் தடி நடும்படி சொன்னேன். தம்பி, இந்தச் சொல்லைக் கவனி: அடையாளத்துக்கு. வேறு எந்தத் தேசத்து மனிதனும் ஒரு காய்ந்த கம்பை எடுத்துக் குத்தியிருப்பான். எங்கள் இனத்தின் கைக்குத் தடி என்றால் வேலிக்கு நட்டுத் துளிர்க்கவிடும் கதியால். வேறு தடி அதற்குத் தெரியாது. வேலிகளில் நின்ற கிளுவையைப் பச்சையாக வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, அலவாங்கால் குழி குத்தி நட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, அதற்கும் மேலாக, வெட்டுவாய் காயாமல் இருக்க ஒவ்வொன்றின் தலைக்கும் சாணி அப்பியிருக்கிறார்கள்! "அடையாளத்துக்கு நட்ட தடிக்கு ஏனடா சாணி வைச்சனீ?" என்று பின்னர் கேட்டேன். இளையதம்பி வாழ்க்கையில் முதன்முறையாக மெதுவாகப் பேசினான்: "கை பழகிப் போச்சு ரீச்சர்."

அடுத்த நாள் மழை தொடங்கியது. விட்டுவிட்டுப் பெய்யும் மழையல்ல. வானம் எங்கள் காணிகளுக்கு மேலேயே குடியேறிவிட்ட மழை. வேலை நின்றது. பழைய எல்லை வேலியை வெட்டி இறக்கிவிட்டிருந்தார்கள். புதிய கதியால்கள் மட்டும் நின்றன. எங்கள் ஆட்களின் குணம் உனக்குத் தெரியும். குடை பிடித்துக்கொண்டு காணியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவன், நனைந்த மண்ணில் கதியால் எவ்வளவு இலேசாக அசைகிறது என்று பார்ப்பான். பார்த்தவன், அதை அயலவன் பக்கமாக ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பான். அயலவனும் குடையோடு வருவான்; ஒன்றும் பேசாமல் திருப்பி ஒரு முழம் தள்ளுவான். இப்படி மற்ற இடங்களில் ஒழுங்கை இங்கும் அங்குமாக அசைந்து கடைசியில் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. என் காணியில் மட்டும் அப்படி நடக்கவில்லை. என் பக்கத்திலிருந்து திருப்பித் தள்ள ஒருவரும் போகவில்லை.

மழை விட்ட காலை கிணற்றடிக்குப் போனேன். எட்டு ஆண்டுகளாக ஒரே தடத்தில் போய்வருகிறேன். அன்று பாதி வழியில் ஈரமான கிளை ஒன்று என் முகத்தில் அறைந்தது. கையை நீட்டினேன். கதியால். அதற்கு அடுத்தது இன்னொரு கதியால். ஒவ்வொன்றிலும் குருத்து விட்டு, விரல் நுனி அளவு இலை வந்திருந்தது. என் குசினிக்கும் என் கிணற்றுக்கும் நடுவே ஊரின் ஒழுங்கை படுத்திருந்தது! ஒரு குடம் தண்ணீருக்காக நான் பொதுப் பாதையைக் குறுக்கே கடந்து போய் வரவேண்டும். மாடு வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டும்.

அன்றே கூட்டம் கூட்டினேன். இம்முறை வெற்றிலை வைக்காமலே எல்லாரும் வந்துவிட்டார்கள். ஐயாத்துரையின் சுருட்டு அவருக்கு முன்னால் வந்து என் விறாந்தையில் அமர்ந்தது.

"ஆர் இந்தக் கதியாலைத் தள்ளினது?" என்று கேட்டேன்.

"நான் ஒரு முழம்தான்," என்றார் ஒருவர். "நானும் ஒரு முழம்தான். அதுவும் அவர் தள்ளினதைத்தான் திருப்பினனான்," என்றார் மற்றவர். ஆறு காணியிலும் ஒருவர்கூட ஒரு முழத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு எல்லாருடைய பேச்சும் நின்று, ஐயாத்துரைக்காகக் காத்திருந்தது.

"நான் என்ன களவாய்ச் செய்தனானோ?" என்று அவர் குரலை உயர்த்தினார். "முதல் ஒரு முழம் தள்ளினன். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த நாள் இன்னும் ஒண்டு தள்ளினன். அதுக்கும் சொல்லேல்லை. ரீச்சர், உங்கடை கண்ணுக்கு முன்னாலை நட்டனான்! நீங்கள் இதே கதிரையிலை இருந்து என்னை நேரே பார்த்துக்கொண்டு இருந்தனீங்கள். நான் கையும் காட்டினனான்! பெரியமனிசிக்கு விருப்பம், பொதுக்காரியத்துக்கு விட்டுத் தாறா எண்டு வீட்டை போய் மனிசிக்கும் சொன்னனான்."

மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் நான் வேறு யோசனையில் இருந்திருக்கக்கூடாதா? இதற்கு நான் என்ன மறுமொழி சொல்ல முடியும்? ஏற்கெனவே இந்த மனிதர், "படிச்ச செருக்கு, நேரே கண்டாலும் காணாத மாதிரிப் போறா" என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிபவர். அன்று அந்தச் செருக்குக்குச் சாட்சியமும் கிடைத்துவிட்டது.

"சரி, எல்லாத்தையும் பிடுங்கி முதலிருந்த நேர்கோட்டிலை நடுங்கோ," என்றேன். துளிர்த்த கதியாலைப் பிடுங்குவதா! தம்பி, இவர்கள் அயலவனின் நிலத்தைத் தள்ளுவார்கள். அவன் பனையிலிருந்து விழுந்த ஓலையை எடுப்பார்கள். ஆனால் வேர்விட்ட கதியாலில் கைவைப்பதை மட்டும் ஏழு தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள். துளிர்த்துவிட்டால் அது வேலி. வேலி என்றால் எல்லை. அதற்குமேல் பேச்சு இல்லை.

"ஒரு கதியாலைப் பிடுங்கினாலும் நான் விட்ட நிலத்தைத் திருப்பி அடைப்பன்," என்றார் சின்னராசா, இருமாமல். "நானும்," "நானும்" என்று மற்றவர்களும் தொடர்ந்தார்கள். அதாவது, கோடு நேராக வேண்டுமென்றால் ஒழுங்கை இல்லை. ஒழுங்கை வேண்டுமென்றால் கோடு என் குசினிப்படியால் போகும். நான் என் பக்கத்தவர்கள் என்று நினைத்த இளைஞர் பக்கம் திரும்பினேன்.

"என்ன இளையதம்பி, வாயிலை என்ன?"

"ரீச்சர், கோணலெண்டாலும் ஒழுங்கை ஒழுங்கைதானே," என்றான். "பிடுங்கினால் இந்த வருசமும் ஒருத்தரும் போகமாட்டினம். நாங்கள் ஒன்பது பேரும் கதைச்சு முடிச்சிட்டம். அப்பிடியே இருக்கட்டும்."

"நான் சம்மதிக்கேல்லை."

"போஷகர் வாக்குப் போடுறதில்லை ரீச்சர். யாப்பிலை நீங்கள்தானே எழுதினீங்கள்."

"தீர்மானம் எண்டு எழுதவோ ரீச்சர், விடவோ?" என்று செயலாளர் உறிஞ்சினாள். எழுதினாள். ஏகமனதாக நிறைவேறியது. ஒன்றும் செய்யத் தேவையில்லாத போஷகர் ஒருவரைத்தான் அவர்கள் சித்திரையில் தேடி வந்தார்கள். கார்த்திகைக்குள் அப்படி ஒருவரை உருவாக்கிவிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் ஐயாத்துரை முந்திக்கொண்டு உன் கந்தோருக்கு எழுதினார். உனக்கு வந்த முறைப்பாட்டின் பிறப்பு வரலாறு இதுதான்.

நான் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவள் அல்ல என்பதை நீ அறிவாய். நேற்றுப் பின்னேரம் அந்த ஒழுங்கையை நானே நேரிற் பரிசோதித்தேன். என் குசினியடியிலிருந்து ரோட்டு வரை ஒவ்வொரு கதியாலையும் தொட்டுப் பார்த்தேன். வெட்கக்கேடு! கிணற்றடியில் தெற்கே வளைகிறது. அடுத்த எல்லையில் அவசரமாக வடக்கே திரும்புகிறது. பிறகு ஒரு காரணமும் இல்லாமல் மீண்டும் தெற்கே சாய்கிறது. கள் குடித்து வெறித்துவிட்டு வீடு திரும்பும் ஒருவன் நடந்த தடத்தை வேலியாக அடைத்ததுபோல இருக்கிறது. ரோட்டில் ஏறி யஹ்யாவின் கடைக்கே போய்விட்டேன். "வாங்க ரீச்சர், எவ்வளவு காலம்!" என்று கதிரை எடுத்துப் போட்டார். ஆத்திரத்தில் இரண்டு கோப்பை பிளேன்ரீ குடித்தேன். பிறகு அதே கோணல் வழியே, அதே கதியால்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு திரும்பினேன்.

ஆகையால் மயில்வாகனம், மூத்தவள் என்ற முறையில் பணிக்கிறேன். உன் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் ஒருவரைப் படத்தோடும் அளவுச் சங்கிலியோடும் உடனே அனுப்பு. அவர் அந்தக் கதியால்களை, துளிர்த்ததோ துளிர்க்காததோ, ஒன்றும் விடாமல் பிடுங்குவிக்கட்டும். பிறகு எவர் நிலத்தைத் திருப்பி அடைத்தாலும் அடைக்கட்டும். ஒழுங்கை இல்லாமற் போனாலும் போகட்டும். இரண்டு புள்ளிகளுக்கிடையில் மிகக் குறுகிய தூரம் நேர்கோடு என்பதை ஒரு விறாந்தைக் கூட்டம் வாக்கெடுத்து மாற்றலாம் என்றால், நான் படித்த படிப்பை அடுப்பில் வைக்கலாம். போஷகர் பதவியிலிருந்து இத்தால் விலகுகிறேன். கடிதத் தலைப்பிலிருந்து என் பெயரை அழிப்பதற்கு அந்தச் செயலாளருக்குக் கட்டளை இட்டுவிட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். அவள் அனுப்பிய மூக்குக்கண்ணாடிக் கூடு வந்து சேர்ந்தது. மிகவும் வடிவாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிள்ளைகள் பெரியவர்களுக்கு அடங்கி நடந்து நீடு வாழ்க. அடங்கி நடக்கும் பிள்ளைகள் இன்னும் எங்காவது இருக்கிறார்கள் என்று நம்பி இந்த வாழ்த்தை அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
உன் தமக்கை
அன்னபாக்கியம்

பி. கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு தடங்கல் ஏற்பட்டது. பேனையைப் பிடித்திருந்தவர் அதை மூடி மேசையில் வைத்துவிட்டார். பேனையைப் பிடித்திருந்தவர் நான் அல்ல. நீ புகழ்ந்த முத்துமுத்தான கையெழுத்து என்னுடையதும் அல்ல. அது செயலாளர் இராசமலருடையது. இதுவரை நீ வாசித்த ஒவ்வொரு சொல்லையும் அவள்தான் எழுதினாள், தன் மூக்கைப் பற்றிய வரியையும் சேர்த்து. அந்த வரியை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள்.

"என்னடி, ஏன் மூடினனீ?"

"இதை உண்மையா அனுப்பப் போறீங்களோ ரீச்சர்?"

"பின்னை? இவ்வளவு நேரமும் நான் பாட்டுப் பாடினனானோ?"

"என்ரை மூக்கைப் பற்றிச் சொன்னது கிடக்கட்டும், அது ஓம். ஐயாத்துரையரைப் பற்றிச் சொன்னதும் கிடக்கட்டும், அதுவும் ஓம். கதியாலைப் பிடுங்கச் சொன்னதை மட்டும் வெட்டுங்கோ."

"உன்ரை பரீட்சைக்காகவோ?"

"என்ரை பரீட்சை கிடக்கட்டும் ரீச்சர். நேத்து நீங்கள் தனிய ரோட்டுக்குப் போகேக்கை நான் பின்னாலை வந்தனான். ஒரு இடத்திலையும் தடக்குப்படேல்லை. பிடுங்கினால் நாளைக்கு எதைப் பிடிச்சுக்கொண்டு போவீங்கள்?"

வேண்டுமென்றே பின்தொடர்ந்து உளவு பார்த்ததற்காக அவளைப் பேசினேன். பேசி முடித்த பின்னர் பேனையைத் திறக்கச் சொன்னேன். ஆகவே மேலே நான் பணித்தவற்றில் ஒன்றையும் செய்யாதே. உத்தியோகத்தரை அனுப்பு, ஆனால் ஒழுங்கை இப்போது கிடக்கிற கோணலோடே அதைப் படத்தில் ஏற்றச் சொல்லி அனுப்பு. பரீட்சைக்கு முன் அது நடக்கவேண்டும். ஐயாத்துரை நாடாவை வெட்டட்டும், நடுக்கதிரையிலும் இருக்கட்டும். போஷகர் பதவியிலிருந்து நான் விலகியதை விலக்கிக்கொள்கிறேன். இவள் துணுக்காய்க்குக் கலியாணம் முடித்துப் போனால் எனக்குப் பத்திரிகை வாசிக்க ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்; தர்மத்துக்காகச் செய்கிறேன் என்று எண்ணிவிடாதே. மார்கழியில் பரீட்சை நாட்களில் ரோட்டு வரை கூடப் போகிறேன் என்று சின்னராசாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். நான் தம் மகளுக்குக் காவல் என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். அவரைத் திருத்தவேண்டியதில்லை.

வெள்ளையடித்த அறைக்குள் என்னைக் கொண்டுபோய் வைத்துவிடுவாய் என்பதற்காக இவ்வளவு காலமும் உனக்குச் சொல்லாமல் இருந்ததை இனிச் சொல்வதில் நட்டமில்லை. இப்போது ரோட்டுக்கு எனக்கு வழி இருக்கிறது. அந்த வழி நேரா கோணலா என்பது தொட்டுக்கொண்டு போகிற கைக்கு ஒரு பொருட்டில்லை. இரண்டு ஆண்டுகளாக எனக்குக் கண் தெரியாது, தம்பி.